கறுப்புத் திரைக்கு ஒரு விளக்கக் கடிதம்

லினக்ஸ் கணினியில் எந்த எடிட்டர் பிடிக்கும் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், ஓய்வு பெறும் நாள்வரை அதை மாற்ற முடியாது என்று நான் நம்பியிருந்தேன். சும்மா நம்பவில்லை. சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல், நெஞ்சைத் தடவிக்கொண்டே நம்பினேன். எடிட்டர் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. கணினியில் எழுத்துகளை அடித்துச் சேமித்துவைக்கிற ஒரு சின்ன மென்பொருள். பள்ளிக்கூடத்துச் சிலேட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உனக்கு எந்தச் சிலேட்டு வேண்டும் என்று கேட்டதற்கு, ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த நான், இரண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருந்த நான், மருத்துவச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் நெய்வேலியில் பர்மனன்ட் வேலை பார்த்த யாரிடமாவது போய் ‘ஆப்ஷன்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கையிலிருக்கும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “கடைசித் தேதி என்னைக்கு?” என்பார். எங்கள் வாழ்க்கையே ஆப்ஷன்களால் ஆனது. பென்ஷனுக்கு ஆப்ஷன், சம்பள விகிதத்துக்கு ஆப்ஷன், குவார்ட்டர்ஸ் எந்த பிளாக்கில் வேண்டும் என்பதற்கு ஆப்ஷன். எல்லாவற்றின் அடியிலும் ஒரே வரிதான் இருக்கும்: ஒருமுறை தெரிவித்த விருப்பம் இறுதியானது. வேலையில் சேர்ந்த புதிதில் இரண்டு பதவி உயர்வு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். கேன்டீன் பேச்சில் எந்தப் பக்கத்துக்குக் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கத்தை எழுதிக்கொடுத்தேன். கூட்டம் அதிகமான வரிசை மெதுவாகத்தான் நகரும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மறுபக்கம் போனவர்கள் எனக்கு மேலதிகாரிகளாகி வந்து, “என்னப்பா, சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டாலே நானும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவேன். ஆனால் எடிட்டர் விஷயத்தில் கலங்கியது அதற்காக மட்டும் இல்லை. பகலில் மட்டும் வேலை பார்க்கிற என் ஜெனரல் ஷிஃப்ட் போய்விடும் என்று பயம்.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓடும் பகுதியில் பல வருடம் மூன்று ஷிஃப்டும் பார்த்தவன் நான். மண்ணும் கரியும் பெல்ட்டில் போய்க்கொண்டே இருக்கும். நின்றால் போன் வரும், ஓடினால் தூக்கம் வரும். இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்து இரவு என்று மாறி மாறிப் போய், உடம்புக்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோயிருந்தது. பகலில் தூங்குகிற ஆளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது என் மனைவிக்கு ஒரு தனிப் பிழைப்பு. குக்கர் விசில் அடிக்கப் போகிற நேரம் பார்த்து, இடுக்கியோடு பக்கத்திலேயே நின்று வெயிட்டைத் தூக்கிவிடுவாள். பிள்ளைகள் எங்கள் வீட்டில் கிசுகிசுத்தே வளர்ந்தார்கள். இன்றைக்கும் போனில் பேசும்போது இரண்டும் குரலை உயர்த்துவதில்லை. ஊரார் அதை நல்ல வளர்ப்பு என்கிறார்கள்.

பிறகு முதுகெலும்பில் ஒரு டிஸ்க் நழுவியது. ஊரெல்லாம் அனுதாபப்பட்டது, நான் மட்டும் உள்ளுக்குள் சாமிக்கு நன்றி சொன்னேன். மெடிக்கல் போர்டு பார்த்து, மறுபரிசோதனை வரைக்கும் இவருக்கு ஜெனரல் ஷிஃப்ட் கொடுக்கலாம் என்று எழுதியது. பெல்ட் பகுதி அலுவலகத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. மூன்று ஷிஃப்டிலும் எந்தெந்த பெல்ட் எதனால் நின்றது என்று வரும் விவரங்களைக் காலையில் கணினியில் அடித்து, மேலே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. மறுபரிசோதனைக்கு யாரும் கூப்பிடவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. சில வருடங்கள் அப்படியே போயின. நான் இரவில் தூங்கினேன், பகலில் விழித்திருந்தேன். எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

அப்படியிருக்கும்போதுதான் எங்கள் கட்டடத்திலிருந்த கணினிகளையெல்லாம் விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்கிற வேறு இயங்குதளத்துக்கு மாற்றப் போவதாகச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் செக்‌ஷனிலிருந்து ஒரு மேடம் வந்தார். சின்ன வயசு. தோளில் பை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். என் கணினியில் என்னென்னவோ போட்டுவிட்டு, ஒரு கறுப்புக் கட்டத்தைத் திறந்து காட்டினார்.

“சார், இதுல எழுதறதுக்கு நாலு எடிட்டர் இருக்கு. இங்க எடிட்டர் பேரை அடிச்சு, ஒரு இடம் விட்டு ஃபைல் பேரை அடிங்க, திறக்கும். நாலையும் பார்த்துட்டு உங்களுக்கு எது பிடிக்குதோ சொல்லுங்க. அதையே டீஃபால்ட்டா வச்சிடறேன்.”

“எப்பக்குள்ள சொல்லணும் மேடம்?”

“திங்கட்கிழமை வர்றேன். அதுக்குள்ள சொன்னா போதும்.”

கடைசித் தேதியும் வந்துவிட்டது.

“சொன்னதுக்கு அப்புறம் மாத்திக்கலாமா மேடம்?”

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. “ஒரு நிமிஷம் சார்” என்று எடுத்தார். “ஆங், சொல்லுங்க. இல்லல்ல, அதெல்லாம் இனிமே மாத்த முடியாது. முதல்லயே சொன்னேன்ல?” பேசிக்கொண்டே மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்.

அது போனில் இருந்தவருக்குச் சொன்ன பதில் என்பது எனக்கும் தெரியும். நான் அவ்வளவு முட்டாள் இல்லை. ஆனாலும் காதில் விழுந்தது விழுந்ததுதான்.

பக்கத்து மேசைக்காரன் திருவதிகையிலிருந்து பண்ருட்டி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருகிறவன். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். யூனியன் கூட்டம் ஒன்று விடமாட்டான். எந்த உத்தரவு வந்தாலும் அதற்குப் பின்னால் இன்னொரு உத்தரவு ஒளிந்திருக்கிறது என்பது அவன் கட்சி. பாதி நேரம் அவன் சொல்வது தப்பாகும். மீதி நேரம் பலித்துவிடும் என்பதால்தான் பயமே. அன்றைக்கு டீ நேரத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

“இன்னாண்ணே, மூஞ்சி இப்பிடி தொங்கிக்கினு இருக்குது? மேடம் இன்னா சொல்லிட்டுப் போறாங்க?”

“எடிட்டருக்கு ஆப்ஷன் கேக்கறாங்கப்பா.”

டீ கிளாஸ் கீழே இறங்கியது. “ஆப்ஷனா? எழுத்து மூலமாவா, வாய்மொழியாவா?”

“வாய்மொழிதான்.”

“அதான் டேஞ்சர். எழுத்துல கேட்டா கோர்ட்டுக்குப் போலாம்.” என் பக்கம் சாய்ந்தான். “அதுல ஒண்ணு மௌஸே வேலை செய்யாதும்பாங்களே, கறுப்பா இருக்கும், அதுவும் இருக்குதா?”

“இருக்கு.”

“அத்த மட்டும் தொட்டுடாதீங்கண்ணே. கம்ப்யூட்டர் ரூமுக்கு ராத்திரிக்கும் பகலுக்கும் ஆள் வேணும்னு கேட்டுக்கினே இருக்காங்க. கறுப்புத் திரை தெரிஞ்ச ஆளுன்னு பேர் விழுந்துச்சுன்னு வைங்க, அங்க தூக்கிப் போட்ருவாங்க. மூணு ஷிஃப்டு.”

“சரி, அப்ப மௌஸ் வச்சு ஓட்டறதையே சொல்லிடறேன்.”

“அத்தயும் யோசிச்சுக்கினு சொல்லுங்க. மௌஸ்தான் தெரியும்னா எவன் வேணா செய்யலாமே, இவருக்கு இங்க இன்னா வேலைன்னு திருப்பி பெல்ட்டுக்கே அனுப்பிட்டா? அங்கயும் மூணு ஷிஃப்டு.”

“ஏன்ப்பா, எப்படிச் சொன்னாலும் ஷிஃப்டுன்னா நான் எதைத்தான் சொல்றது? உன் வாயில ஒரு நல்ல வார்த்தை வராதா?”

“நானா சொல்றேன்? ஆப்ஷன் சொல்லுதுண்ணே” என்று மிச்ச டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

வீட்டில் தட்டில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மனைவி எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஏங்க, அது சாதமா, சப்பாத்தி மாவா? எவ்வளவு நேரம் பிசைவீங்க?”

“ஆபீஸ்ல எழுதறதுக்கு நாலு எடிட்டர் இருக்காம். ஒண்ணைச் சொல்லணும். எதைச் சொல்றதுன்னு தெரியல.”

“பொண்ணு பார்க்க வந்தப்ப தட்டுல இருந்த பஜ்ஜி ஆறுறதுக்குள்ள சரின்னு சொன்ன ஆளு. இதுக்குப் போய் யோசனையா?”

“அந்த ஆப்ஷனும் மாத்த முடியாதுன்னு அப்ப யாரும் சொல்லல.”

“எனக்கும்தான் சொல்லல” என்றாள், கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே. பிறகு, “இதனால ஷிஃப்ட் மாறுமா?” என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அதற்குமேல் அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள் முதல் சோதனை ஓட்டம். நிஜ அறிக்கையில் கைவைக்கத் தைரியமில்லாமல், பயிற்சிக்கென்று ஒரு கோப்பு வைத்துக்கொண்டேன். முதலில் ஜி-எடிட். வெள்ளைத் தாள் மாதிரி திறந்தது. அடித்ததெல்லாம் விழுந்தது. மூடு என்றால் மூடியது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்கிற எதையும் நான் அலுவலகத்தில் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் நிச்சயம் பெல்ட்டுக்குத்தான் அனுப்புவார்கள்.

அடுத்தது ஈமாக்ஸ். சேமிப்பதற்கே ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தட்டி, மறுபடி பிடித்துக்கொண்டு மற்றொன்றைத் தட்ட வேண்டும். என் கை அவசரத்துக்கு பெல்ட்டை நிறுத்தும் கயிற்றை இழுத்துப் பழகிய கை. வீணை வாசிக்கிற கை அல்ல. விரல் சுளுக்கியதுதான் மிச்சம்.

மூன்றாவது வி-ஐ. இதுதான் அந்தக் கறுப்புத் திரை. தொட வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தான். தொட வேண்டாம் என்று சொன்னால் தொட்டுப் பார்க்கிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் கேன்டீனுக்குக் கிளம்பும் நேரமாகப் பார்த்துத் திறந்தேன். முதல் வரியில் தேதி இருந்தது. அதன் கீழே எழுதலாம் என்று ஆங்கிலத்தில் ‘ஷிஃப்ட்’ என்று அடித்தேன். முதல் எழுத்தை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் காட்டியது. மேலே இருந்த தேதியையும் காணோம். எழுதப் போனால் இருந்ததையும் பிடுங்கிக்கொள்கிற சிலேட்டை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போதும் சாமி, வெளியே வந்துவிடுவோம் என்று, தப்பிக்கிறதற்கென்றே விசைப்பலகையின் மூலையில் வைத்திருக்கும் எஸ்கேப் விசையைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. சரி, மரியாதையாகவே கேட்போம் என்று, வெளியேறுகிறேன் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘குவிட்’ என்று அடித்தேன். திரையின் அடியில் ‘ரெக்கார்டிங்’ என்று வந்தது.

நான் கையைத் தூக்கிவிட்டேன். நிஜமாகவே இரண்டு கையையும், போலீஸைப் பார்த்தவன் மாதிரி. பதிவு செய்கிறார்கள். எதை? யார்? பக்கத்து மேசைக்காரன் டிபன் பாக்ஸோடு எழுந்தவன், என்னைப் பார்த்து நின்றான்.

“இன்னாண்ணே ஆச்சு?”

“பேசாத” என்று உதட்டை மட்டும் அசைத்தேன். “ரெக்கார்டு ஆகுது.”

அவன் திரையை எட்டிப் பார்த்தான். படித்தான். டிபன் பாக்ஸைச் சத்தம் வராமல் மார்போடு அணைத்துக்கொண்டு, பூனை மாதிரி நடந்து வெளியே போய்விட்டான். வாழ்நாள் முழுக்கத் தோழர் தோழர் என்று பேசிய மனிதன்.

கேன்டீன் மூடுகிற நேரம்வரை அந்தத் திரைக்குள்ளேயே இருந்தேன். தட்டிய விசைக்கெல்லாம் ‘டொய்ங்’ என்றது அல்லது எதையாவது அழித்தது. கடைசியில் மேசைக்கடியில் ஊர்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த முதுகோடு எப்படி ஊர்ந்தேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். விடமுடியவில்லை. என்ன சேதாரம் என்று பார்க்க மறுநாள் காலை அதே வி-ஐயில் அதே கோப்பைத் திறந்தேன். கோப்பு வரவில்லை. பதிலுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. தலையில் ‘கவனம்’ என்று பெரிய எழுத்து. கீழே என் பயனர் பெயர். நேற்றைய தேதி. நேரம், சாப்பாட்டு இடைவேளை. என் கணினியின் பெயர். மாற்றம் செய்யப்பட்டதா, ஆம். அதற்குக் கீழே, இதே கோப்பில் வேறொருவர் வேலை செய்துகொண்டிருக்கலாம், எச்சரிக்கையாக நடந்துகொள்ளவும் என்கிற தோரணையில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி.

சார்ஜ் மெமோ பார்த்திருக்கிறீர்களா? இதே வரிசைதான். பெயர், தேதி, நேரம், இடம், செய்த குற்றம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கம்ப்யூட்டர் செக்‌ஷனில் எவரோ உட்கார்ந்துகொண்டு நான் எந்த எடிட்டரில் எவ்வளவு நேரம் இருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. ஜி-எடிட்டில் கொஞ்ச நேரம். ஈமாக்ஸில் விரல் சுளுக்கும் வரைக்கும். வி-ஐயிலோ சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். இதைவிடப் பெரிய விருப்பத்தை ஒருவன் எப்படித் தெரிவிக்க முடியும்? நான் வாயைத் திறக்காமலே என் ஆப்ஷன் பதிவாகிவிட்டது. நாலாவது எடிட்டரை நான் பார்க்கவே இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரே மருந்துதான் தெரியும். கேட்பதற்கு முன்பே விளக்கம் எழுதிக்கொடுத்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். மேற்படி நாளன்று மேற்படி எடிட்டருக்குள் நான் நெடுநேரம் இருந்தது என் விருப்பத்தின் பேரில் அல்ல, வெளியே வரும் வழி தெரியாததால் மட்டுமே என்றும், ஆகவே அதை என் இறுதி விருப்பமாகக் கொள்ள வேண்டாம் என்றும், உடல்நிலை காரணமாக ஜெனரல் ஷிஃப்டிலேயே தொடர அனுமதிக்கப்பட்டவன் என்பதைக் கனிவுடன் கருதுமாறும் கேட்டுக்கொண்டேன். மெடிக்கல் போர்டு சான்றிதழின் ஜெராக்ஸை இணைத்தேன். அடியில் வழக்கம்போல நகல் போட்டேன்: பிரிவுத் தலைவருக்கு, பர்சனல் செக்‌ஷனுக்கு, யூனியனுக்கு.

மனைவி வாங்கி அடிவரைக்கும் படித்தாள்.

“நகல் எதுக்குங்க இத்தனை பேருக்கு?”

“ஒரு பாதுகாப்புக்கு.”

“நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி ஊருக்கே குடுத்துடுங்களேன். சுற்றமும் நட்பும் சூழ வந்து பார்க்கட்டும், நீங்க உள்ள மாட்டிக்கிட்டதை.”

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக எல்லா நகல்களையும் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கினேன். அந்த முத்திரை விழுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால்தான் எனக்கெல்லாம் மூச்சு சீராகும். பிறகு கடிதத்தின் இன்னொரு பிரதியோடு கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கே நேரில் போனேன்.

மேடம் முழுவதும் படித்தார். சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் களைத்திருந்தார் என்று அப்போதுதான் கவனித்தேன். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு கட்டடமாக ஏறி இறங்கியிருக்கிறார்.

“சார், நீங்க மூடாமலே கரன்ட்டை நிறுத்திட்டீங்க. அதனால அது பாதியில விட்டதை ஒரு தனி ஃபைலா வச்சிருக்கு. திரும்பத் திறந்ததும் அதைச் சொல்லுது. அவ்வளவுதான்.”

“வேறொருத்தர் வேலை செய்யறார்னு இருந்துச்சே மேடம்?”

“செய்யலாம்னுதான் இருக்கும். அந்த வேறொருத்தரும் நீங்கதான் சார். முந்தின நாள் நீங்க.”

“ரெக்கார்டிங்?”

“க்யூவைத் தட்டினா நீங்க அடிக்கிற விசையை ஞாபகம் வச்சுக்கும். திரும்ப அதே வேலையைச் செய்யறதுக்கு. வேற யாருக்கும் போகாது.”

“அப்ப இந்த ஆப்ஷன்?”

“எந்த ஆப்ஷன் சார்? நான் சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டேன். கேட்டதுல நாலு பேர் நாலு விதமா சொன்னாங்க. போன்ல ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு சொல்லிக்குடுக்க என்னால முடியாது. அதனால வெள்ளிக்கிழமையே எல்லாருக்கும் நானோவை வச்சுட்டேன். எப்படி வெளிய வர்றதுன்னு கீழயே எழுதியிருக்கும், பாருங்க.”

அதுதான் நான் பார்க்காமல் விட்ட நாலாவது. வெளியே வருகிற வழியைக் கீழேயே எழுதி வைத்திருக்கிற ஒன்று. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை.

கடிதத்தை அவரிடமிருந்து வாங்கி நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வெளியே வந்து, கம்பெனி பஸ்ஸுக்காக வேப்பமரத்தடியில் நின்றபோது உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. அன்றைக்கு நின்றுகொண்டே தூங்கியிருப்பேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மற்ற நகல்கள் நினைவுக்கு வந்தன.

போய்க் கேட்டேன். தபால் பிரிவில், “முத்திரை போட்டதைத் திருப்பித் தர முடியாதுங்க சார், போயிடுச்சு” என்றார்கள். யூனியனில் ஒன்றும் நடக்கவில்லை. பிரிவுத் தலைவர் படித்துவிட்டு, “எழுத்து நல்லா வருதுய்யா உனக்கு” என்றதோடு விட்டுவிட்டார். பர்சனல் செக்‌ஷனில் படித்தவர் மட்டும் எடிட்டர் பற்றிய பத்திகளையெல்லாம் தாண்டிப்போய், இணைப்பிலிருந்த மெடிக்கல் போர்டு ஜெராக்ஸில் நின்றிருக்கிறார். மறுபரிசோதனை வரைக்கும் என்று அதில் இருக்கிறதே, மறுபரிசோதனை எங்கே என்று கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். யாருக்கும் நினைவில்லாமல் தூங்கிக்கொண்டிருந்ததை நானே ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்து, முத்திரை போட்டு அனுப்பிவைத்திருக்கிறேன்.

மெடிக்கல் போர்டு முன்பு ஆஜராகச் சொல்லி உத்தரவு வந்தது. பக்கத்து மேசைக்காரன் அதைப் படித்துவிட்டு மெல்ல என் முன்னால் வைத்தான்.

“நான் அப்பவே சொன்னேன்ல? கறுப்புத் திரைய தொடாதீங்கன்னு.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லப்பா.”

“எப்பிடிண்ணே இல்ல? தொட்டீங்க, வந்துச்சு.”

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது வரிசைப்படி சரியாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் வரைக்கும் நான் பட்டதை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். எடிட்டருக்காகப் பயந்ததெல்லாம் ஒத்திகை. இது அசல். மனைவி அடுப்படியில் பாத்திரங்களைச் சத்தமில்லாமல் வைக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் குக்கர் விசில் வரும் நேரத்தில் அவள் கை தானாக இடுக்கிக்குப் போனதைப் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். “பழக்கம்” என்றாள். விசில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் போலவே மறுபரிசோதனைக்கு வந்தவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல், எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே நொண்டிக்கொண்டு உள்ளே போனார்கள். என் முறை வந்தது.

“குனிங்க” என்றார் டாக்டர்.

குனிந்தேன். வருடக்கணக்காக கேஸ் சிலிண்டரை நகர்த்தினால் விண்ணென்று தெறிக்கிற முதுகு, அன்றைக்கு ரப்பர் மாதிரி வளைந்தது. விரல் தரையைத் தொட்டது. துரோகி.

“இன்னும் கொஞ்சம்.”

உள்ளங்கையும் தொட்டுவிடும் போலிருந்தது. நானாகவே பாதியில் நிறுத்திக்கொண்டு “அம்மா” என்றேன். டாக்டர் நம்பவில்லை.

“முதுகு நல்லா இருக்குங்களே. எக்ஸ்ரேயும் சரியா இருக்கு.” எழுதத் தொடங்கினார்.

நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டது. நர்ஸம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். அளவைப் பார்த்தார். காற்றை இறக்கிவிட்டு மறுபடி அடித்தார். “சார், இதைக் கொஞ்சம் பாருங்க” என்றார்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுத் தானே ஒருமுறை பார்த்தார்.

“இதுக்கு முன்னாடி பிரஷர் இருக்குன்னு சொல்லியிருக்காங்களா?”

“இல்லைங்க சார்.”

“வீட்டுல எதாவது பிரச்சினையா?”

“இல்லைங்க சார். கம்ப்யூட்டர்லதான்.”

என்னைப் படுக்கவைத்து, மின்விசிறியைப் போட்டு, நிதானமாக மூச்சுவிடச் சொன்னார்கள். பிறகு மறுபடி அளந்தார்கள். கொஞ்சமும் இறங்கவில்லை. வேறு சில நாட்களிலும் வரச்சொல்லிப் பார்த்தார்கள். அப்போதும் அப்படியே இருந்தது.

முதுகு குணமாகிவிட்டது என்றும், இரத்த அழுத்தம் அதிகமாக இருப்பதால் இரவுப் பணி கூடாது, ஜெனரல் ஷிஃப்டிலேயே தொடரலாம் என்றும் எழுதிக்கொடுத்தார்கள். காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அறிக்கையை நானோவில் அடித்தேன். கட்டடத்தில் எல்லோரும் அதில்தான் அடித்தார்கள்.